கண்ணாடிப் பூச்சு

கடற்கரை ஊரான அன்னாபாவில், தூண்டில் நூலில் கட்டி மீனை ஏமாற்றும் பொய்மீனை மரத்தில் செய்கிறவர்கள் அப்போது பதினைந்து பேராவது இருந்தோம். ஜப்பானில் செய்த பொய்மீன்கள் கடைக்கு எப்போதாவது வரும். வந்தாலும், அந்த விலைக்கு ஒன்றை வாங்கிக் கட்டி எறிந்து பாறையிடுக்கில் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் துணிச்சல் எங்களில் யாருக்கும் கிடையாது. அதனால் நாங்களே செய்தோம். செய்யச் செய்ய, மீன் பிடிப்பதைவிட மீன் செய்வதே பெரிய பித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வீட்டில் குஸ்குஸ் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் ஃபுதைலின் கராஜில் கூடிவிடுவோம்.

ஃபுதைல் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தா. கராஜ் இருந்ததே தவிர அதில் கார் நிற்க இடமில்லை. காரைத் தெருவில் விட்டிருந்தான். உள்ளே எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட ஒரு பழைய குளியல் தொட்டி. செதுக்கிய மீனை நூலில் கட்டி, தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பார்ப்போம். பெரும்பாலான மீன்கள் முதல் இழுப்பிலேயே மல்லாந்துவிடும்.

"இன்னொரு மய்யித்து! தூக்குங்கடா," என்பான் ஃபுதைல்.

சுபைரின் மீன் மல்லாந்து நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

சுபைர் நடுநிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். என் வயதுதான், நாற்பத்தாறு. ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார். வேக வைத்த கொண்டைக்கடலை மடித்து வரும் காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவார். யாரோ தூக்கிப் போட்ட அலமாரியின் தேவதாரு மரத்தை அறுத்து, இரண்டு பாதியாகச் செதுக்கி, நடுவே முள் மாட்டும் கம்பியைப் பதித்து ஒட்டுவார். வயிற்றில் எந்த இடத்தில் துளை போட்டு எவ்வளவு ஈயம் ஊற்றுவது, தாடைக்குக் கீழே பொருத்தும் பிளாஸ்டிக் தகட்டை எவ்வளவு சாய்த்து வைப்பது என்றெல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். தொட்டியில் இழுத்தால் அந்த மீன் இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும். அடிபட்ட மத்தி மீன் தடுமாறிக்கொண்டு ஓடுவது போலவே இருக்கும். ராஸ் அல் ஹம்ரா பாறைகளில் நின்று அதை எறிந்தால் லூ மீன் கடிக்கும், தாசர்கால் கடிக்கும். தாசர்காலுக்குக் கத்தரிக்கோல் போன்ற பல். நல்ல பூச்சு இல்லாத மரம் இரண்டு கடிக்குத் தாங்காது.

அவருடைய குறை அந்தப் பூச்சில்தான் இருந்தது. எல்லோரையும் போல இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூசுவார். அது காய ஒரு நாள் பிடிக்கும். காயும்வரை மீனைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து வயிற்றில் சொட்டாக நின்றுவிடும். கோழி சுடும் அடுப்பின் மோட்டாரில் மீன்களை மாட்டிச் சுழல விடுவார். நடுவில் மின்சாரம் போய்விடும். வெயில் பட்டால் இரண்டே மாதத்தில் பூச்சு பழுப்பேறிவிடும். வரைந்த செதில்கள், பூண்டு மூட்டை வலையை வைத்து அடித்த நீலப் புள்ளிகள், எல்லாம் அந்தப் பழுப்புக்கு அடியில் போய்விடும்.

ஆண்டுக்கு ஒரு முறை, வசந்த காலத்தில், ஜிஜெலில் எங்களைப் போன்றவர்கள் கூடுவார்கள். கிழக்குக் கரை ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். மேஜைகளில் மீன்களைப் பரப்பி வைத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்போம். அந்த ஆண்டு ஸ்கிக்தாக்காரர் ஒருவர் சுபைரின் மீனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"அட, இதுக்கு மஞ்சக் காமாலை வந்திருக்கே! யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கப்பா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஃபுதைல் சிரித்தான். நானும் சிரித்தேன். சுபைரும் கொஞ்சம் சிரித்தார்.

திரும்பும் வழியில் ஃபுதைல் ஓட்ட, நான் பக்கத்தில், சுபைர் பின்னால். ஸ்கிக்தா தாண்டிய பிறகு சொன்னார்:

"தண்ணியில விட்டுக்கூடப் பாக்கல அவங்க."

"விடு வாத்தியாரே," என்றான் ஃபுதைல். "பொண்ணு பாக்கப் போனா முகத்தத்தான் பாப்பான். சமையலயா பாப்பான்?"

நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். இருபது வருஷமாக ஒரே பட்டறை. காரின் நிறத்துக்கு மேலே கடைசியாக அடிக்கும் லாக்கர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வெயிலுக்கு அசையாது, பத்து வருஷம் மழையில் நின்றாலும் பளபளப்புப் போகாது. இத்தனை நாளாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அந்தக் காரில் உட்கார்ந்திருந்தபோதே நினைத்தேன்.

அடுத்த வாரம் பட்டறையில் மிஞ்சிய லாக்கரை ஆரஞ்சு பானம் வந்த ஒரு பெரிய பாட்டிலில் ஊற்றினேன். அதோடு கலக்க வேண்டிய ஹார்டனரை ஒரு காலி இருமல் மருந்துப் பாட்டிலில் ஊற்றினேன். டப்பாவோடு எடுத்துப் போனால் முதலாளி கேட்பார் என்பதால் அப்படிச் செய்தேன். சுபைர் வீட்டு வாசலில் நின்று இரண்டையும் கொடுத்தேன்.

"நாலுக்கு ஒண்ணு. கலந்தா சீக்கிரம் அடிச்சு முடிச்சிரணும். இல்லேன்னா உன் ஏர்பிரஷ்லயே இறுகிடும்."

"வாடை அடிக்குமா?"

"கொஞ்சம் அடிக்கும். ஜன்னலத் தொறந்து வெச்சுக்கோ."

நான் சொன்னது இவ்வளவுதான். அவர் இரண்டு பாட்டிலிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, அழகான கையெழுத்தில் எதில் என்ன என்று எழுதி வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கராஜுக்குக் கொண்டுவந்த மீனை நான் மறக்க மாட்டேன். ஒரு சாண் நீளம். முதுகு கரும்பச்சை, பக்கவாட்டில் அலுமினியத் தாளை அரத்தால் கீறிச் செய்த செதில்கள், அதற்கு மேலே கண்ணாடி. விரல் வைத்தால் விரலின் நிழல் தெரிந்தது. ஃபுதைல் அதை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாத்தியாரே, பசியில இருந்தா நானே கடிச்சிருவேன்."

"முள் இன்னும் மாட்டல. கடி," என்றார் சுபைர். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சலவை இயந்திரம் இருந்த, கண்ணாடி போட்டு மூடிய பால்கனியை அவர் தன் பட்டறையாக்கிக்கொண்டார். பழைய குளிர்ப்பெட்டியிலிருந்து கழற்றிய காற்றழுத்த மோட்டார், அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் ஏர்பிரஷ். பள்ளி விட்டு வந்ததும் அங்கே போய்விடுவார். ஒரு நாள் போன் செய்தார்.

"லாயித், ஜன்னலத் தொறந்தா கடக்காத்து வருது. ஈரம் பட்டு வெள்ள வெள்ளயாப் பூக்குது. தூசி வேற ஒட்டுது. மூடிட்டு அடிச்சா அருமையா வருது. மூடிக்கலாமா?"

"மூடிக்கோ," என்றேன். "தூசி விழக் கூடாது. அதான் முக்கியம்."

அப்போது நான் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். என் கழுத்தில், இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கட்டாயப்படுத்திக் கொடுத்தது. இருபது வருஷத்தில் அது இல்லாமல் நான் லாக்கர் அடித்ததில்லை. அது தொப்பி போல, உடுப்பு போல, வேலையின் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது. பால்கனியில் நாலு மரத் துண்டுக்கு அடிப்பதையும் இதையும் நான் சேர்த்து நினைத்தே பார்க்கவில்லை. இது சாக்கு இல்லை. நடந்தது இதுதான்.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. பாட்டில் தீரத் தீர நான் நிரப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு வந்த ஜிஜெல் கூட்டத்தில் சுபைரின் மேஜையைச் சுற்றி ஆட்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். அதே ஸ்கிக்தாக்காரர் வந்து மீனைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தன் மேஜையிலிருந்த தன்னுடைய சிறந்த மீனைக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சுபைர் அதை மாற்றிக்கொண்டார். அப்புறம் எப்படிப் பூசுகிறார் என்று எல்லோருக்கும் விளக்கத் தொடங்கினார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி இருமினார்.

"ஜலதோஷம்," என்றார்.

அந்த ஜலதோஷம் போகவே இல்லை. கோடையில் ராஸ் அல் ஹம்ராவில் பாறைகளிலிருந்து மேலே பாதைக்கு ஏறும்போது அவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். கலங்கரை விளக்கம்வரை கால் மணி நேர ஏற்றம்தான்.

"வாத்தியாரே, சிகரெட் புடிக்கிறது லாயித். மூச்சு வாங்கறது நீ. இது என்ன நியாயம்?" என்றான் ஃபுதைல்.

"வயசாச்சு."

"எனக்கு உன்ன விட ஆறு வயசு கூட."

சுபைர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடும்போது ஒரு மெல்லிய விசில் கேட்டது. பறவை என்று நினைத்து நான் புதரைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த பிப்ரவரியில்தான் அது நடந்தது. அந்த ஆண்டு ஜிஜெல் போவதற்கு முன்னால் எல்லோருடைய மீன்களுக்கும் ஒரே நாளில் பூச்சு அடித்துவிடலாம் என்று நான் ஸ்ப்ரே கன்னை மட்டும் கராஜுக்கு எடுத்து வந்திருந்தேன். முகமூடி பட்டறையிலேயே தொங்கியது. வெளியே நல்ல மழை. ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தோம். சுபைர் ஒவ்வொரு மீனாகக் கம்பியில் பிடித்துக் காட்ட, நான் அடித்தேன். நாலாவது மீனோ ஐந்தாவது மீனோ நினைவில்லை. கம்பி அவர் கையிலிருந்து விழுந்தது. மீன் தரையில் புரண்டு, ஈரப் பூச்சில் மரத்தூள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

"யோவ், பாத்துப் புடி!" என்று நான் கத்தினேன். மீனைப் பார்த்துத்தான் கத்தினேன்.

சுபைர் குளியல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது, வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை.

"நடிக்காத வாத்தியாரே," என்று சொல்லிக்கொண்டே ஃபுதைல் திரும்பினான். அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினான். நாங்கள் இரண்டு பேரும் அவரை மழையில் தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டோம். ஆஸ்பத்திரி போகும்வரை அவர் என் கையை விடவில்லை. என் கையெல்லாம் லாக்கர். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிழைத்தார். ஐந்து நாள் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி ஹூரியா என் பட்டறைக்கு வந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். கையில் சின்ன நோட்டு.

"அண்ணே, நீங்க அவருக்குக் குடுத்தீங்களே அந்தத் திரவம், அதோட பேர் வேணுமாம் டாக்டருக்கு. உள்ள என்ன இருக்குன்னு டப்பாவுல போட்டிருக்குமாம். அவர் வெச்சிருக்கற பாட்டில்ல ஒண்ணும் இல்ல. அவர் கையெழுத்துதான் இருக்கு."

"பாத்து அனுப்பறேன்மா," என்றேன்.

அவள் போனதும் அலமாரியிலிருந்து ஹார்டனர் டப்பாவை எடுத்தேன். இருபது வருஷமாக மூடியைத் திறந்து மூடியிருக்கிறேனே தவிர அதன் பின்பக்கத்தை நான் படித்ததில்லை. பொடி எழுத்தில் பிரெஞ்சில் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஐசோசயனேட் என்று ஒரு பெயர். சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் கையாளக் கூடாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அடிக்கக் கூடாது. தகுந்த முகமூடி இல்லாமல் அடிக்கவே கூடாது. அதற்குக் கீழே, படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்படி, முகமூடி போட்ட ஒரு மனிதத் தலையின் படம்.

போனில் படம் எடுத்தேன். எடுக்கும்போது டப்பாவைக் கொஞ்சம் திருப்பினேன். பெயரும் உள்ளே இருக்கும் பொருள்களும் வந்தன. எச்சரிக்கையும் அந்தத் தலையும் வரவில்லை. அதைத்தான் ஹூரியாவுக்கு அனுப்பினேன்.

மத்தியானமே அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, டாக்டர் சொல்றாரு, இதெல்லாம் முகமூடி போட்டுத்தான் அடிக்கணும்னு டப்பாவுலயே படம் போட்டிருப்பாங்களாமே. உங்க டப்பாவுல இல்லயா?"

"பழைய டப்பாம்மா," என்றேன். "அழிஞ்சு போச்சு."

டாக்டர் சொன்னது இதுதான். சுபைரின் உடம்பு அந்தப் பொருளை எதிரியாகப் பதிந்துவைத்துக்கொண்டுவிட்டது. இனி வாழ்நாள் முழுக்க ஒரு துளிகூட ஆகாது. அடித்த இடத்தில் நிற்கக் கூடாது. அடிப்பவனின் சட்டைகூட ஆகாது. பூச்சை நிறுத்திவிட்டால் நுரையீரல் பழையபடி ஆகிவிடுமா என்று ஹூரியா கேட்டதற்கு, சிலருக்கு ஆகும் என்றாராம். இவர் ரொம்ப நாள் சுவாசித்துவிட்டார் என்றாராம்.

சுபைர் சுலபத்தில் விடவில்லை. லாக்கர் இல்லாமல் செய்து பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். ஆளி விதை எண்ணெயில் ஊற வைத்தார். மெழுகை உருக்கித் தோய்த்தார். ஹூரியாவின் நகப்பூச்சை அடுக்கடுக்காக வைத்தார். அதன் வாடைக்கே இன்ஹேலரைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு மீன்களை ஃபுதைல் பாறைக்கு எடுத்துப் போய் எறிந்து பார்த்தான். தாசர்கால் ஒரே கடியில் பிளந்துவிட்டது. உள்ளே தண்ணீர் போய், மரம் ஊதி, ஒட்டின இடம் வாயைப் பிளந்துகொண்டது. ஃபுதைல் அதைச் சுபைரிடம் சொல்லவில்லை. மீன் பாறையில் மாட்டித் தொலைந்துவிட்டது என்று சொன்னான். சுபைர் நம்பினாரா என்று தெரியாது. எப்படி நீந்திற்று என்று மட்டும் கேட்டாராம்.

"ராஜா மாதிரி நீந்துச்சு வாத்தியாரே."

"தகட்ட இன்னும் கொஞ்சம் சாய்ச்சிருக்கணும்," என்றாராம்.

அதற்குப் பிறகு அவர் செதுக்கவில்லை. மரத்தூளும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பழைய புத்தகத் தூசி அதைவிட மோசம். கடைசியில் மருத்துவ விடுப்பு. இரண்டு மாடி ஏறிப் போக வேண்டிய வீடு. இறங்கினால் ஏற வேண்டுமே என்று அவர் இறங்குவதையே குறைத்துக்கொண்டார்.

நான் அவரைப் பார்க்கப் போக இரண்டு முறை முயன்றேன். முதல் முறை குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் போனேன். பத்து நிமிடத்தில் அவருக்கு விசில் ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் முறை ஹம்மாமுக்குப் போய், தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்து, கடையில் அப்போதுதான் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குக் கால் மணி நேரம் தாங்கினார். முடியிலா, நகக்கண்ணிலா, எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. ஹூரியா என்னை வாசல்வரை கொண்டுவந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"தப்பா நெனக்காதீங்க அண்ணே. போன்ல பேசுங்க."

என்னிடம் இருந்தது போனில் பேசக்கூடிய விஷயம் அல்ல. அடுத்த ஆண்டு ஏப்ரலில், நல்ல காற்று அடிக்கிற ஒரு காலையில், கடற்கரைச் சாலையில் வந்து உட்காரச் சொல்லி ஃபுதைலிடம் சொல்லி அனுப்பினேன். ஃபுதைலே அவரைக் காரில் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனான். நான் ஐந்தாறு அடி தள்ளி, காற்று என்னிடமிருந்து அவர் பக்கம் போகாத திசையில் நின்றேன். அவர் மெலிந்திருந்தார். மருந்தினால் முகம் மட்டும் உப்பியிருந்தது.

"என்ன லாயித், போலீஸ்காரன் மாதிரி தள்ளி நிக்கற," என்றார்.

"சுபைர், அந்த டப்பாவுல படம் அழியல."

அவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் எழுதியிருந்துச்சு. நான்தான் வேற பாட்டில்ல ஊத்திக் குடுத்தேன். ஹூரியாவுக்கு அனுப்பின போட்டோவுலயும் அந்த எடத்த மறச்சுட்டேன். அப்புறம் நான்... நான் வேலைல முகமூடி போட்டுத்தான் அடிக்கறேன். எப்பவும். உங்கிட்ட ஜன்னல மூடிக்கோன்னு சொன்னப்பகூட அது என் கழுத்துலதான் தொங்கிட்டிருந்துச்சு."

கீழே அலை பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"முகமூடி போடணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். "பெயிண்ட் அடிக்கறவன் முகமூடி போடாமயா இருப்பான்? ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்பவே தோணுச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"என்னன்னு கேக்கறது?"

நான் நின்றேன். காலை மாற்றிக்கொண்டு நின்றேன். ஏதாவது திட்டினால் போதும் என்றிருந்தது.

"ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாத்தேன்," என்றார். "ரொம்ப நாளா யோசிச்சேன். படுத்தே கெடக்கறேன், வேற வேல இல்ல. நீ டப்பாவோட குடுத்திருந்தா நான் படிச்சிருப்பேனான்னு. படிச்சிருப்பேன் லாயித். மொத வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சிருப்பேன். படிச்சிட்டு முகமூடி வாங்கியிருப்பேன். இல்லேன்னா, வேணாம்பா, என் மீன் மஞ்சளாவே இருக்கட்டும்னு உங்கிட்டயே திருப்பிக் குடுத்திருப்பேன்."

"என்னை மன்னிச்சிரு."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஃபுதைல் மூன்று காபியோடு வந்து சேர்ந்தான். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுபைரிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தான். என் கோப்பையைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனான், நான் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. சுபைர் பாதிக் காபியைக் குடித்துவிட்டு, "குளிருது, கெளம்பலாம்," என்றார்.

செப்டம்பரில் அவர்கள் பாத்னாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஹூரியாவின் அண்ணன் வீட்டில் கீழ்த்தளம் காலியாக இருந்தது. மலைக்காற்று வறண்டது, ஈரமும் ஆலைப் புகையும் இல்லை என்று டாக்டரும் சொன்னாராம். ஹூரியா மாற்றல் வாங்கிக்கொண்டாள். பாத்னாவிலிருந்து கடல் பார்க்க வேண்டுமானால் நாலு மணி நேரம் வண்டியில் வர வேண்டும்.

சாமான் ஏற்றிய அன்று நானும் போனேன். ஏற்ற முடியாது என்னால். எதைத் தொட்டாலும் அது அவர் வீட்டுக்குள் போகிற பொருள். எதிர்ப்பக்க நடைபாதையில், மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஃபுதைலும் இன்னும் நாலைந்து பேரும் சலவை இயந்திரத்தையும் மெத்தைகளையும் இறக்கி ஏற்றினார்கள். அவருடைய உளிகளையும் அந்த வரைபட நோட்டையும் ஃபுதைலுக்குக் கொடுத்திருந்தார். செய்து முடித்த மீன்கள் எண்பதுக்கு மேல் இருந்தன, எல்லாம் என் லாக்கர் பூசியவை. காய்ந்து பல மாதமாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியும் ஹூரியா அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. குப்பைத் தொட்டி ஓரத்தில் ஒரு பழப் பெட்டியில் அவை இருந்தன. வண்டி கிளம்பும்வரை யாரும் எடுக்கவில்லை. கிளம்பியதும் தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு நாலைந்தாக எடுத்துப் போனார்கள். நான் எடுக்கவில்லை.

சுபைர் முன்னிருக்கையில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். வண்டி திரும்பிவிட்டது.

ஃபுதைலின் கராஜில் இப்போது யாரும் கூடுவதில்லை. ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து பேர், பிறகு மூன்று பேர், பிறகு நானும் அவனும் மட்டும். இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். குளியல் தொட்டித் தண்ணீரில் பாசி பிடித்ததும் அவன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான். காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான்.

என்னிடம் லாக்கர் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். சுபைர் ஜிஜெலில் விளக்கிச் சொன்னது கரை முழுக்கப் பரவிவிட்டது. நான் கொடுப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்கிறேன், டப்பாவின் பின்பக்கத்தைக் காட்டுகிறேன். "சரி அண்ணே, சரி அண்ணே," என்கிறார்கள். அப்புறம் வேறு பட்டறைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் இணையத்தில் இருக்கும் எங்கள் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார்: குளியலறையில் கயிறு கட்டிப் பன்னிரண்டு மீன்கள், ஒவ்வொன்றும் கண்ணாடி போல. கதவு மூடியிருந்தது தெரிந்தது. கீழே நான் எழுதினேன், நீளமாகவே எழுதினேன். அவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். அதற்குக் கீழே, எத்தனைக்கு எத்தனை கலக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

பாத்னாவுக்கு மாதம் ஒரு முறை போன் செய்கிறேன். ஆரம்பத்தில் சுபைர் எடுப்பார். பருவநிலை, ஃபுதைல், பள்ளியில் யார் புது ஆசிரியர் என்று பேசுவோம். குளிர்காலம் வந்த பிறகு அவர் குரல் நடுநடுவே நின்று நின்று வந்தது. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பதாக ஃபுதைல் மூலமாகத்தான் தெரிந்தது. இந்த வாரமும் ஹூரியாதான் எடுத்தாள்.

"தூங்கறாரு அண்ணே."

காலை பதினொரு மணி. போன மாதமும் தூங்கிக்கொண்டிருந்தார், அதற்கு முந்தின மாதமும்.

"எழுப்ப வேணாம்மா," என்றேன். "நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன்," என்றாள். அவளுக்குப் பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் சீராகக் கேட்டது. பிறகு அவள் வைத்துவிட்டாள்.

முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஒரு வெள்ளைக் காரின் கதவு காத்திருந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு, ஓரம் எங்கும் காற்றுப் போகாதபடி வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, நான் வேலைக்குப் போனேன்.